வளரவிடாத தட்டு

ஆய்வகத்தில் அவளுக்குச் சமையல்காரி என்று பெயர். பட்டம் வாங்கியவள்தான், செல் வளர்ப்பில் தேர்ந்த கைதான். ஆனாலும் குடல் செல்களுக்கு வேளை தவறாமல் தீனி கலந்து ஊற்றுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? வைரஸ் வளர்த்து அளந்து செல்களில் ஏற்றுகிறவர் வைரஸ்காரர். அவர் காலையில் வந்ததும் "இன்னைக்கு என்ன மெனு?" என்பார். "நேத்து மிச்சம்தான், சுட வெச்சுத் தரவா?" என்பாள் இவள்.

அங்கே நடப்பது இதுதான். குடலின் உள்சுவரிலிருந்து கிள்ளியெடுத்த துளிச் சதையை ஜெல்லில் வைத்து, மேலே மீடியம் என்கிற சத்துத் தண்ணீரை ஊற்றினால், அது குட்டிக் குட்டிக் குமிழ்களாக வளரும். ஒவ்வொரு குமிழும் ஒரு குட்டிக் குடல். நடுவில் வெற்றிடம், சுற்றிலும் ஒற்றை வரிசையாகச் செல்கள். மீடியத்தில் வளர்ச்சி மருந்து இருக்கும்வரை அந்தச் செல்கள் குழந்தைகளாகவே இருக்கும். பெருகுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. மருந்தை நிறுத்தினால்தான் முதிர்ந்து நிஜமான குடல் செல்களாகும். முதிர்ந்துவிட்டால் நாலைந்து நாள் ஆயுசு, அவ்வளவுதான். வயிற்றுப்போக்கு வைரஸ் நுழைவதும் அந்த முதிர்ந்த செல்களில்தான். குழந்தைச் செல்களை அது ஏறெடுத்தும் பார்க்காது. கைக்குழந்தைகளை வாரிக்கொண்டு போகிற வைரஸுக்கு இப்படியொரு நியாயம்!

ஆகவே வைரஸ் ஏற்றுவதற்கு முன் வளர்ச்சி மருந்தை நிறுத்த வேண்டும். எல்லாத் தட்டுகளுக்கும் அவள் அப்படித்தான் செய்தாள், ஒரே ஒரு தட்டைத் தவிர.

அந்தத் தட்டில் இருந்தது துரை. அவளுடைய அக்கா மகன். வீட்டில் எல்லோரையும் அதிகாரம் பண்ணியதால் துரை. தூக்கு என்றால் தூக்க வேண்டும், இறக்கு என்றால் இறக்க வேண்டும். இரண்டு வயதுகூட ஆகாத துரை வாந்தியும் பேதியும் கண்டு, ஆஸ்பத்திரியில் குழாய்களுக்கு நடுவே கிடந்தபோது, சோதனைக்காகக் குடலில் கிள்ளியதில் கொஞ்சத்தை ஆய்வுக்குத் தரச்சொல்லிக் கேட்டவள் இவள்தான். அக்கா எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். துரை போய்விட்டான். தட்டில் அவன் செல்கள் மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தன. அவை யாருடையவை என்பது ஆய்வகத்தில் இவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

மருந்தை நிறுத்த வேண்டிய நாளில் அந்தத் தட்டை வெளியே எடுத்தாள். கை வரவில்லை. பச்சைப் பிள்ளைக்குப் பாலை நிறுத்துவது போலிருந்தது. நாளைக்கு நிறுத்தலாம் என்று வழக்கமான மீடியத்தையே ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். கடைசியில் பேருக்கு ஒருநாள் நிறுத்திவிட்டு, அது போதும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு வைரஸ்காரரிடம் நீட்டினாள். போதாது என்று அவளுக்கா தெரியாது? எத்தனை புதுப் பிள்ளைகளை இதற்காகத் திட்டியிருக்கிறாள்!

முடிவு வந்தது. மற்ற தட்டுகளில் எல்லாம் வைரஸ் நுழைந்திருந்தது. துரையின் தட்டில் மட்டும் இல்லை. சந்தேகப்பட வேண்டியவள் சந்தோஷப்பட்டாள். பெருமை தலைக்கேறி, அன்றைக்கே அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

"உன் பிள்ளை செல்லு கில்லாடிக்கா. வைரஸால உள்ள நுழையவே முடியல."

அக்கா துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "நுழையவே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மடிக்க ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் அக்கா சாப்பாட்டைக் குறைத்தாள், பேச்சைக் குறைத்தாள். அத்தான் போன் போட்டு, "நீ வந்து என்னன்னு கேளேன், என்கிட்ட வாயே திறக்கமாட்டேங்குறா" என்றார். போய்ப் பார்த்தபோது சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு மருந்துப் புட்டி தனியாக நின்றது. துரையின் காய்ச்சல் மருந்து. பாதி இருந்தது.

"இதை ஏன்கா இன்னும் வெச்சிருக்க?"

"முதல்ல குடுத்ததை வாந்தி எடுத்துட்டான். அதனால இன்னொரு தடவை குடுத்தேன்" என்றாள் அக்கா. "டாக்டர், 'அதனால இல்லம்மா, வைரஸ்தான்'னு சொன்னார். சரின்னு மனசைத் தேத்திக்கிட்டேன். நீ வந்து வைரஸ் நுழையவே இல்லைன்னுட்ட. அப்ப வேற என்னடி? நான்தானே?"

ஆறுதல் என்று நினைத்துச் சமையல்காரி கொண்டுவந்து கொடுத்தது இதைத்தான். அக்கா அதைத் தின்றுதான் இத்தனை நாளும் உயிரோடிருந்தாள். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெறும் வாயால் சொன்னால் அக்கா இனி நம்பமாட்டாள் என்று தோன்றியது. எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் நேராக ஆய்வகத் தலைவியான மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், அந்த ஒரு தட்டோட ரிசல்ட் தப்பு. மருந்தை நான் சரியா நிறுத்தல."

"நீயா?" மேடத்தால் நம்ப முடியவில்லை.

"எங்க அக்கா பையனுது அது."

எதற்கெடுத்தாலும் தாம்தூம் என்று குதிக்கிற மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "முதல்லயே சொல்லியிருந்தா வேற யார்கிட்டயாவது குடுத்திருப்பேனே?"

"அதனாலதான் மேடம் சொல்லல."

"சரி. இந்தத் தடவை யார்கிட்ட குடுக்கட்டும்?"

"நானே பண்றேன்."

செல்களை இரண்டு தட்டாகப் பிரித்தாள். ஒன்றைக் குழந்தையாகவே வைத்துக்கொண்டாள். இன்னொன்றுக்கு மருந்தை நிறுத்தினாள். இம்முறை முழுசாக. வழுவழுவென்றிருந்த குமிழ்கள் மடிப்பு விழுந்து, சுவர் தடித்து, வளர்ந்தன. வைரஸ்காரர் அன்று மெனு கேட்கவில்லை. ஏற்றிவிட்டு நகர்ந்துகொண்டார்.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவில்லை. ஒளிரும் அடையாளம் சேர்த்த வைரஸ் என்பதால், அது புகுந்த செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன. துரையின் செல்களிலும் அது புகுந்துவிட்டது, எல்லோருக்கும் புகுவது போலவே. ஆனால் அவை சும்மா இருக்கவில்லை. புகுந்த செல் சாவதற்குள் பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கை ரசாயனத்தை அனுப்பியது. அவை உஷாராகி நெருங்கி, நோயுற்றதைப் பிதுக்கிக் குமிழின் நடுவே தள்ளி, விட்ட இடத்தைத் தோளோடு தோள் சேர்ந்து அடைத்தன. ஒன்றைத் தள்ளுவதற்குள் இன்னொன்று பச்சையானது. அதையும் தள்ளின. தள்ளத் தள்ளச் சுவர் மெலிந்துகொண்டே வந்தது. அப்போதும் விடவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். துரை வீம்புக்காரன்தான்.

சாயங்காலம் அக்காவின் சமையலறையில் எல்லாவற்றையும் சொன்னாள். தான் மருந்தை நிறுத்தாததை, அதனால் வந்த தப்பான முடிவை, செல்களை இரண்டு தட்டாகப் பிரித்ததை, இப்போது பார்த்ததை. போனில் பிடித்துவந்த வீடியோ படத்தையும் காட்டினாள். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"நீ குடுத்த மருந்து இல்லக்கா. உள்ள புகுந்தது இதுதான். அவன் கடைசிவரைக்கும் தள்ளிட்டே இருந்திருக்கான். அவனால முடியல."

அக்கா படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். பிறகு எழுந்து, ஜன்னலில் இருந்த புட்டியைத் திறந்து, தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். இளஞ்சிவப்பாக ஓடி மறைந்தது. அதற்குப் பிறகுதான் அழுதாள், தொட்டியைப் பிடித்துக்கொண்டு, சத்தமாக. தங்கை அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அழுகை அடங்கியதும் அக்கா கேட்டாள். "இன்னொரு தட்டு இருக்குன்னியே?"

"இருக்குக்கா. பத்திரமா இருக்கு. மருந்து குடுத்துட்டே இருந்தா எத்தனை வருஷம்னாலும் குழந்தையாவே வெச்சிருக்கலாம்."

"வேணாம்" என்றாள் அக்கா. "நிறுத்திடு. அதையும் வளரவிடு."

"வளந்தா அப்புறம் நாலஞ்சு நாள்தான்கா."

"தெரியுதுடி. அந்த நாலஞ்சு நாளாவது பெரியவனா இருக்கட்டும்."