கடகத்தில் கிடந்த பாக்குவெட்டி

இரத்தினம்மா பாக்குவெட்டியைத் தேடி வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தாள். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் வெற்றிலைத் தட்டம் வைத்தாயிற்று. கொட்டைப்பாக்கும் இருக்கிறது. வெட்டத்தான் ஒன்றுமில்லை.

"தம்பி, கனகத்தின்ரை பாக்குவெட்டி எங்கையடா? பெட்டியிலையும் இல்லை, குசினியிலையும் இல்லை."

இறந்து கிடந்த மனைவியின் தலைமாட்டில் இருந்த மார்க்கண்டருக்கு அக்கா கேட்டது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கனகாம்பிகை பெரியபிள்ளையான நாளில் அவளுடைய தாய் கையில் கொடுத்த பாக்குவெட்டி அது. கலியாணமாகி வந்த பிறகும் அதை இடுப்புச் சேலையில்தான் செருகி வைத்திருப்பாள். அவர் பாக்குக் கேட்டால் எடுத்துக் கொடுப்பாள். இரும்பு இளஞ்சூடாக இருக்கும். இப்போது அவள் இடுப்பிலும் அது இல்லை.

"அறைக்குள்ளை பார்க்கிறன் அக்கா," என்று எழுந்தார்.

அறையில் அவள் படுத்திருந்த கட்டில் வெறுமையாகக் கிடந்தது. கட்டிலின் கால்மாட்டில் பனையோலைக் கடகப் பெட்டி. அதற்குள் சாம்பல் நிறப் பேடு அடைகாத்துக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் சிறகைச் சிலிர்த்து உறுமியது. ஊரில் எல்லோரையும் சகிக்கும் அந்தக் கோழி அவரை மட்டும் சகிக்காது. அதிலும் நியாயம் உண்டு. புகையிலை நாற்றுமேடையைக் கிளறியதற்காக அவர் எறிந்த தடிகள் கொஞ்சநஞ்சமல்ல.

வளவு நிறையக் கோழி நின்ற வீடு அது. பிள்ளையில்லாத வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லாமல் வைத்திருந்தவை அவைதான். விவசாயக் கந்தோர் உத்தியோகத்தர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, மார்க்கண்டர் கம்பிவலை அடித்துக் கூடு கட்டி, வெள்ளைக் கோழிகள் வாங்கி விட்டார். முட்டை பெரிதுதான். ஆனால் மாரி தொடங்க நோய் வந்தது. அடைபட்டு நின்றவை ஒன்றையொன்று பார்த்தபடி தூங்கி விழுந்தன. கூட்டடியில் சிந்திய தீன் பொறுக்கப் போன ஊர்க்கோழிகளும் போயின. புளியமரத்து உச்சியில் படுக்கும் இந்தச் சாம்பல் பேடு ஒன்றுதான் மிச்சம். மிச்சமான நேரத்தில் கனகாம்பிகை நெஞ்சுச்சளியோடு படுக்கையில் விழுந்திருந்தாள்.

படுக்கையில் கிடந்தபடியே முட்டைகளை விளக்கொளியில் பிடித்துப் பார்த்துப் பொறுக்கி அடைவைத்தவள் அவள். இடி முழக்கத்துக்கும் பெருஞ்சத்தத்துக்கும் முட்டை கெடாதிருக்க வைக்கலுக்குள் கரித்துண்டு வைத்தாள்.

"கரிக்குப் பயந்து இடி ஓடிவிடுமோ?" என்று அவர் சிரித்தார்.

"கரி மட்டும் காணாது, இரும்பும் வைக்கவேணும். இடி ஓடாது. ஆனால் எனக்கு நித்திரை வரும்," என்றாள்.

முந்தாநாள் பின்னேரம், வாழ்நாளில் முதன்முறையாக, அவர் அவளிடம் யோசனை கேட்டார்.

"குஞ்சு பொரிச்சால் இனி எப்பிடி வளர்க்கிறது கனகம்? கூட்டிலையோ, வெளியிலையோ?"

"பகலிலை வளவிலை விடுங்கோ. பொழுதுபட அடையுங்கோ. அந்தக் கம்பிக்கூட்டுக்குள்ளை மட்டும் விடாதேங்கோ, அதிலை இன்னும் அந்த நோய் கிடக்கு. புகையிலை நாற்றுக் கண்டுக்கு நீங்கள் வேலி கட்டுங்கோ."

"கோழியை விட்டுட்டுக் கண்டை அடைக்கச் சொல்லுறாய்."

"கண்டு எழும்பி நடக்காதுதானே," என்றாள். சிரிக்கப் போய் இருமினாள். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். அதற்குமேல் அவள் அதிகம் கதைக்கவில்லை.

மார்க்கண்டர் குனிந்து கடகத்தைப் பார்த்தார். பேட்டின் சிறகுக்குக் கீழே, வைக்கலுக்குள் இரும்பு மினுங்கியது. கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார்.

வெளியே வந்து, "பக்கத்து வீட்டிலை ஒண்டு வாங்கு அக்கா," என்றார்.

"கிடைக்கேல்லையோ?"

"கிடைச்சுது. வேலையிலை கிடக்கு."

இரத்தினம்மா தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

முற்றத்தில் செத்தவீட்டுச் சடங்குக்கு உரலில் சுண்ணம் இடிக்கத் தொடங்கினார்கள். உலக்கை விழ விழ அறைக்குள் பேடு கழுத்தை நீட்டி முழித்தது. வாசற் படலையடியில் பறைகளைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பறைமேளம் கனகாம்பிகையின் அண்ணன் சோமசேகரத்தாரின் ஏற்பாடு. கரவெட்டியிலிருந்து அவரே கூட்டிவந்திருந்தார். மார்க்கண்டர் அவரிடம் போனார்.

"மச்சான், பறையை இதிலை அடிக்கவேண்டாம். ஒழுங்கை முடக்குத் தாண்டி அடிக்கட்டும்."

சோமசேகரத்தாருக்கு முகம் சிவந்தது. "என்ன கதை கதைக்கிறீர்? என்ரை ஒரே தங்கச்சி. வீட்டு வாசலிலை பறை முழங்காமல் களவாய்க் கொண்டுபோறதோ? எங்கடை ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"அடைக்கோழி இருக்குது மச்சான்."

கூட்டத்தில் யாரோ, "மனிசனுக்கு அறிவு கலங்கிப்போச்சு," என்றார்கள். சோமசேகரத்தாரும் அப்படித்தான் நினைத்தார். கோபம் இரக்கமாகி, மச்சானின் தோளைப் பிடித்தார். மார்க்கண்டர் அந்தக் கையைப் பிடித்து அவரை அறைக்குள் கூட்டிப்போனார்.

சோமசேகரத்தார் கடகத்தடியில் குந்தினார். பேடு அவரைப் பார்த்து உறுமவில்லை. வைக்கலுக்குள் கிடந்ததைக் கண்டார்.

"அம்மான்ரை பாக்குவெட்டி."

"ஓம்."

"இது... கலியாணத்துக்கு நான் கொண்டந்து விட்ட கோழியின்ரை வழியோ?"

"ஓம். மற்றதெல்லாம் போச்சு. என்ரை கூட்டாலைதான் போச்சு. இதைச் சாகமுன்னம் அவள் வைச்சவள் மச்சான். நான் நம்பிறனான் இல்லை. அவள் நம்பினவள்."

சோமசேகரத்தார் சால்வையால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது. எழும்பிப் படலையடிக்குப் போய், "முடக்குக்கு அங்காலை போய் நிண்டு அடியுங்கோ. ஆனால் அங்கையிருந்து சுடலை மட்டும் ஒரு அடி குறையக்கூடாது," என்றார். பறைகாரர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

வாய்க்கரிசி போடும்போது மார்க்கண்டரின் விரல் அவள் உதட்டில் பட்டது. குளிர்ந்து கிடந்தது. வீட்டிலிருந்து பாடை எழும்பியபோது பெண்களின் அழுகை மட்டுமே கேட்டது. ஒழுங்கை திரும்பியதும் பறை முழங்கிற்று. கொள்ளியும் அவர்தான் வைத்தார்.

சுடலையிலிருந்து வந்து, கிணற்றடியில் தோய்ந்து, ஈரவேட்டியோடு அவர் வீட்டுக்குள் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வீடு கழுவியிருந்தது. இரத்தினம்மா தன் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்ததை மூடிவைத்திருந்தாள். அவர் அதைத் தொடவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. இந்த நேரத்தில் அவள் பேட்டைத் தூக்கித் தீனுக்கு விடுவாள். எழும்ப முடியாமற் போன பிறகும் கட்டிலில் சரிந்து கையை நீட்டித் தூக்கி விடுவாள். இன்றைக்கு அது பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சிரட்டையில் தண்ணீரும் ஒரு பிடி குறுணலும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். தூக்கும்போது இரண்டு கொத்து வாங்கினார். நிலத்தில் விட்டதும் பேடு அவசர அவசரமாகத் தின்றது. முட்டை ஆறிவிடுமே என்று அவர் கடகத்துக்குள் கையை வைத்துப் பொத்தினார்.

முட்டைகள் சூடாக இருந்தன. விரல்கள் வைக்கலுக்குள் பாக்குவெட்டியைத் தொட்டன. அதுவும் இளஞ்சூடாக இருந்தது.

தீன் முடித்த பேடு வந்து கடகத்து விளிம்பில் ஏறி அவரைப் பார்த்தது. பிறகு, இருந்தபடி இருந்த அவர் கையின்மேலேயே மெல்ல இறங்கி, சிறகை விரித்து அமர்ந்தது. மார்க்கண்டர் கையை எடுக்கவில்லை.