செப்டம்பர் ஒன்பதில் காணாமல் போகும் வரி

செப்டம்பர் ஒன்பதாம் தேதி அந்த நகரத்தில் யார் எங்கே போட்டாலும், ஒரு குறிப்பிட்ட பாட்டின் இரண்டாவது சரணத்தில் ஒரே ஒரு வரி மட்டும் கேட்காது. வாத்தியங்கள் அவைபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், குரல் இருக்காது, அடுத்த வரியில் ஒன்றுமே நடக்காதது போல வந்து சேர்ந்துகொள்ளும். முதல் வருடம் இசைத்தட்டுக் கடைக்காரர் ஊசியைக் குறை சொன்னார், ஊசி விற்றவர் இசைத்தட்டைக் குறை சொன்னார், அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது, செல்போன் வந்தது. எது வந்தாலும் வரிக்கு அன்றைக்கு விடுமுறைதான். அந்தப் பாட்டால் பேர் வாங்கிய பெரிய பாடகி ஒரு செப்டம்பர் ஒன்பதில் திறந்தவெளி அரங்கில் அதைப் பாடப்போய், அந்த இடத்தில் சத்தமே வராமல் வாயைத் திறந்தபடி நின்றார். அதை ஏதோ உயர்ந்த கலை என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. உள்ளூர் வானொலியில் 'இந்த நாளில் இசை' என்றொரு காலை நிகழ்ச்சி உண்டு. இந்தத் தேதி வந்தால் அறிவிப்பாளர், நகரத்தின் முதல் வாத்தியக் குழு படகுத்துறையில் வாசித்தது, குச்சி உடைந்த டிரம்மர் கரண்டியால் வாசித்துப் புகழடைந்தது, பெரிய பாடகி சத்தமில்லாமல் கைதட்டல் வாங்கியது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பாட்டையும் போட்டு, வரி காணாமல் போகிற இடத்தில் வானிலையைச் சொல்லி முடித்துவிடுவார்.

வரி எங்கே போகிறது என்பது ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒலிப்பதிவுக் கூடத்தில் பொத்தான்களோடு குடும்பம் நடத்தியதால் பட்டன் என்றே பேராகிப்போனவன் அவன். அன்று கண்விழிக்கும்போதே அது அவன் தொண்டையில் இருக்கும். "பால் வந்துச்சா" என்று கேட்கத்தான் வாயைத் திறப்பான். வெளியே வருவது அந்த வரிதான், அதுவும் அவனுடைய அக்காவின் குரலில், அவள் கல்யாணத்துக்கு முந்தைய குரலில். அதனால் தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, பல்வலி என்று சைகை காட்டிவிட்டுப் படுத்துவிடுவான். மனைவி சில வருடம் இரக்கப்பட்டாள். பிறகு காலண்டரில் அந்தத் தேதிக்கு நேரே பல்வலி என்று முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டு, கஞ்சி போட்டுக் கொடுத்தாள்.

அக்கா ட்ராக் பாடியவள். பெரிய பாடகர்கள் கேட்டுப் பழகுவதற்காகப் பாட்டை முதலில் வேறொருவரைப் பாடவைத்துப் பதிவு செய்வார்கள். பெரியவர்கள் வந்து பாடியதும் பழைய குரலை அழித்துவிடுவார்கள். பாடுவது அக்கா, அழிப்பது தம்பி. இதில் அவளுக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. அந்தப் பாட்டைப் பதிவு செய்த செப்டம்பர் ஒன்பதில் பெரிய பாடகி சளியோடு வந்தார். சரணத்தின் உச்சிக்கு அவரால் ஏறவே முடியவில்லை, விமானத்துக்கும் நேரமாகிவிட்டது. இசையமைப்பாளர், "ஏதாவது பண்ணுப்பா" என்று பட்டனிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். பட்டன் பண்ணினான். அக்கா பாடிய நாடாவிலிருந்து அந்த ஒரு வரியை பிளேடால் நறுக்கி, பெரிய பாடகியின் நாடாவில் ஒட்டினான். ஒட்டியது யாருக்கும் தெரியாத அளவுக்குச் சுத்தமான வேலை. பிற்பாடு பெரிய பாடகிக்கு விருது கொடுத்தவர்கள் அந்த வரியைத்தான் எடுத்துச் சொன்னார்கள்.

இதுவரைக்கும்கூடத் தொழில் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பாட்டு வானொலியில் முதல்முறை வந்தபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையோடு அப்படியே நிமிர்ந்தாள்.

"டேய், அந்த ஒரு வரி நான் பாடினதுடா."

விஷயம் வெளியே போனால் வேலை போய்விடும். "உனக்குக் காதுல ஏதோ கோளாறுக்கா, டாக்டரைப் போய்ப் பாரு" என்றான் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் அவனை அரித்தது. ஏனென்றால் அக்கா நம்பிவிட்டாள். தம்பி காதை வைத்துப் பிழைக்கிறவன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தன் குரலையே அடையாளம் தெரியாத காதை வைத்துக்கொண்டு என்னத்தைப் பாடுவது என்று கூடத்துக்கு வருவதையே நிறுத்தினாள். ஒரு ரொட்டிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் கேட்பதை எல்லாம் இரண்டாம் தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். அடுத்த வருடம் அதே தேதியில் வரி தம்பியின் தொண்டைக்கு வந்தது. மற்ற நாளில் உண்மையைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அந்த ஒரு நாள் வாயைத் திறந்தாலே போதும், ஆனால் துண்டைக் கட்டிக்கொண்டான். இப்படியே இருவருக்கும் தலை நரைத்தது.

ஒரு செப்டம்பர் ஒன்பதில் அக்காவே கிராம்பு எண்ணெயும் பஞ்சுமாக வந்து நின்றாள். "வருஷா வருஷம் ஒரே நாள்ல வலிக்கிதுன்னா அது என்ன பல்லுடா? வாயைத் திற, பாக்கலாம்." அவன் தலையை ஆட்டி மறுத்தான். சின்ன வயதில் மருந்து கொடுக்க முயன்றதுபோல மோவாயைப் பிடித்துப் பார்த்தாள், மசியவில்லை. அருகில் உட்கார்ந்து பஞ்சை எண்ணெயில் நனைத்தபடி ஊர்க்கதை பேசினாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்களாம். "முடியாதுன்னுட்டேன். காது கெட்டவ மார்க் போட்டா பிள்ளைங்க பாவம் இல்லையா?" விலைவாசி பேசுகிற மாதிரிதான் சொன்னாள், குறையாக ஒன்றும் சொல்லவில்லை.

பட்டன் துண்டை அவிழ்த்தான்.

பாதிப் பல் விழுந்த வாயிலிருந்து அந்த இளங்குரல் எழுந்து உச்சிக்கு ஏறி நின்று இறங்கியது. அக்கா அவனைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை" என்றாள். வந்தது. இன்னொரு தடவை. "கடைசியில மூச்சு வாங்கியிருக்கேன்" என்றாள். "அன்னிக்கே எனக்குக் கேட்டுச்சு." மன்னிச்சிடுக்கா என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான், அதுவும் அந்த வரியாகத்தான் வந்தது. கண்ணீர் கொட்டியது. "அழுதா எனக்குச் சரியாக் கேக்காது. தொடச்சிட்டுத் திற" என்றாள். சாயங்காலம்வரை விடவில்லை. அவன் தாடை நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது. போகும்போது கிராம்பு எண்ணெயை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

மன்னித்தாளா என்று அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இப்போதெல்லாம் செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலையில் அக்கா வருகிறாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள், "திற" என்கிறாள். அவன் திறக்கிறான். அந்த நேரத்தில் வானொலியில், இன்று மழைக்கு வாய்ப்பு குறைவு என்று சொல்கிறார்கள்.