பால்குடம் நின்று போன தெரு

பச்சைமுத்து வேண்டிக்கொள்வதில் பெரிய வள்ளல். பதினோரு வருடத்துக்கு முன்னால், மனைவி பாஞ்சாலிக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று அழுதுகொண்டே மாரியம்மனிடம் பேரம் பேசி முடித்துவிட்டார். "பத்து வருஷம் இவள எனக்குக் குடு தாயே. அதுக்கு அடுத்த ஆடியில வெரதம் இருந்து, வெறுங்காலோட உனக்குப் பால்குடம் எடுத்துக்குனு வருவா." வேண்டிக்கொண்டது இவருடைய வாய். பட்டினி கிடக்க வேண்டியது அவள் வயிறு, நடக்க வேண்டியது அவள் கால். இந்தச் சின்ன விஷயம் மட்டும் அன்றைக்கு அவருக்கு உறைக்கவில்லை.

அம்மன் அவர் கேட்டபடி செய்துவிட்டாள். அம்மன் பாதி, மாத்திரை பாதி என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் அடங்கிக் கிடக்கும் வகை நோய் அது. நோயை அடக்கிய மாத்திரை பாஞ்சாலியையும் சேர்த்து அடக்கிவிட்டது. காலையில் கண்ணிமை இரண்டும் வீங்கியிருக்கும். கெண்டைக்கால் சொல்லாமல் கொள்ளாமல் முறுக்கிக்கொள்ளும். சோற்றைப் பார்த்தாலே குமட்டும். அசதி ஒன்று இருந்தது, அது தூங்கி எழுந்தாலும் போகாது. முதல் வருடம் பச்சைமுத்து பதறிப்போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு பழகிவிட்டது. அவருக்குத்தான் பழகியது.

அவருக்கு சிவாஜிநகரில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற வேலை. ஏழரை பஸ்ஸுக்குப் போய்விடுவார். அவளுக்கு ஆஸ்டின் டவுனிலேயே, மாரியம்மன் கோயிலை ஒட்டிய நர்சரி ஸ்கூலில் ஆயா வேலை. ஒன்பது மணி ஸ்கூலுக்கு எட்டேகாலுக்கே கிளம்பிவிடுகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கிண்டல்தான்.

"பத்து நிமிஷ நடைக்கு முக்கால் மணி நேரமா? வழியில வூடு வூடா ஓட்டு கேக்குறியா இன்னா?"

பாஞ்சாலி சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்த ஆடி பிறந்ததும் பச்சைமுத்துவின் கிண்டல் நின்றுபோனது. பயம் பிடித்துக்கொண்டது. வேண்டுதல் தவறி, அம்மன் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? ஆனால் கடைக்குப் போய் வந்தாலே படுத்துவிடுகிறவள் பட்டினியோடு எப்படிக் குடம் தூக்குவாள்? இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மூணு நாளு மாத்திரய நிறுத்திப் பாரேன். ஒடம்புல தெம்பு வரும். வெரதமும் இருக்கலாம்."

பாஞ்சாலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பதினோரு வருஷத்துல ஒரு நாள் உட்டது கெடையாது. போட்டா ஒமட்டும்னு தெரிஞ்சே போடுறேன். கொடம் எடுக்குறேன்யா. ஆனா மாத்திர நிக்காது. வெறும் வயித்துல மாத்திர போடக்கூடாது, அதனால இட்லியும் நிக்காது."

"வெரதம்னு சொல்லிப்புட்டேனே அம்மாகிட்ட!"

"நீ சொன்னே. நான் இன்னா சொன்னேன்?"

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை, வீட்டுப் பக்கத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் இருபது பெண்கள் மஞ்சள் சேலையில் ஈரத்தலையோடு நின்றார்கள். அத்தனை பேர் நடுவில் பாஞ்சாலி டிபன் டப்பாவைத் திறந்து மூன்று இட்லி தின்றாள். மாத்திரையை வாயில் போட்டு ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தாள். பச்சைமுத்து வானத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இடி ஒன்றும் விழவில்லை.

குடத்தைத் தலையில் ஏற்றினால் அம்மன் மேல் ஊற்றுகிறவரை தரையில் வைக்கக்கூடாது, கை மாற்றக்கூடாது. இதுதான் அங்கே சட்டம். மேளத்தோடு எல்லோரும் மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். பாஞ்சாலி தினமும் ஸ்கூலுக்குப் போகிற அதே வழிதான். முதல் முனை திரும்புவதற்குள் பாஞ்சாலி பின்தங்கிவிட்டாள். பச்சைமுத்து அவள் பக்கத்திலேயே நடந்தார்.

அந்த முனையில் ரத்தினம்மாளின் இஸ்திரி வண்டி. ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரத்தினம்மாள், பாஞ்சாலியைக் கண்டதும் பெஞ்சிலிருந்த துணி மூட்டையைத் தூக்கிக் கீழே போட்டாள். "வாம்மா, ஒக்காரு." பாஞ்சாலி தலையில் குடத்தோடு உட்கார்ந்து கண்ணை மூடினாள். இரண்டு நிமிடம் கழித்து எழுந்து நடந்தாள். நல்ல பொம்பளை என்று பச்சைமுத்து நினைத்துக்கொண்டார்.

அடுத்தது டேரிலின் பேக்கரி. அந்த இளைஞன் ஏற்கெனவே நடைபாதையில் நாற்காலியைப் போட்டுவிட்டு நின்றிருந்தான். அதற்கடுத்து கோழிக்கடை பாய் ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துவைத்த சாக்கை விரித்து வைத்திருந்தார். மருந்துக்கடையில் ஸ்டூல் வெளியே வந்தது. அதற்கப்புறமும் இரண்டு வாசலில் இடம் தயாராக இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அவளும் இடம் கேட்கவில்லை. பச்சைமுத்து திரும்ப ஓடி டேரிலைப் பிடித்தார்.

"தம்பி, இவ வருவான்னு உனக்கு யாரு சொன்னது?"

"டெய்லி வர்றாங்களே அங்கிள். எட்டரைக்கு ஆன்ட்டிக்கு சேர் போட்ருவேன். எங்க டாடி இருந்தப்போ அவர் போடுவாரு." டேரில் அவரை விசித்திரமாகப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பச்சைமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. வெட்கமா பிரமிப்பா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மழையிலும் வெயிலிலும் இந்தத் தெருவை இவள் துண்டு துண்டாக நறுக்கி நடந்திருக்கிறாள். போகும்போது ஆறு இடம், வரும்போது ஆறு இடம். ஒரு தெருவே அவளுக்காக எழுந்து இடம் விட்டிருக்கிறது. வீட்டில் இருந்தவர் ஓட்டுக் கேட்கிறாயா என்று கேட்டிருக்கிறார். இவ்வளவு பெரிய காரியம் தன் வீட்டிலிருந்து தினமும் எட்டேகாலுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பியதா என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

ஆறாவது இடத்தைத் தாண்டினால் குவார்ட்டர்ஸ் காம்பவுண்டுச் சுவர். கடை கிடையாது, நிழல் கிடையாது. சுவரை ஒட்டி ஓர் இரும்புக் கம்பி மட்டும் நீளமாக ஓடும். பாதி தூரத்தில் பாஞ்சாலி சட்டென்று நின்றாள். கெண்டைக்கால் சதை உருண்டு கல்லாகிவிட்டிருப்பது சேலைக்குக் கீழே நன்றாகவே தெரிந்தது. குடம் சாய்ந்து பால் நெற்றியில் வழிந்தது. பச்சைமுத்து குடத்தை வாங்கக் கை நீட்டினார். அவள் தலையை அசைத்தாள். சுற்றிலும் பார்த்தார். உட்கார ஒரு செங்கல் கூட இல்லை.

"டெய்லி இங்க இன்னாடி பண்ணுவே?"

"கம்பியப் புடிச்சிக்குனு நிப்பேன்."

"எவ்ளோ நேரம்?"

"வலி போறவரைக்கும்."

இன்றைக்கு அவள் இரண்டு கையும் குடத்தில் இருந்தன.

பச்சைமுத்து நடுத்தெருவில் ஒரு முழங்காலை ஊன்றி, மறு தொடையை நீட்டினார். "ஒக்காரு."

"ஐயோ, எல்லாரும் பாக்குறாங்கய்யா."

"பாக்கட்டும்."

அவள் உட்கார்ந்தாள். எடை கொஞ்சந்தான். ஆனால் அவள் காலின் துடிப்பு அவர் தொடையில் இறங்கியது. நிற்காமல், பிடிவாதமாகத் துடித்தது. மாத்திரைச் சீட்டைப் பார்த்திருக்கிறார், வீங்கிய கண்ணைப் பார்த்திருக்கிறார். இதை இத்தனை வருடத்தில் இப்போதுதான் தொடுகிறார். இதை வைத்துக்கொண்டா இவள் சிரித்தாள்? அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. ஆனால் கை இரண்டும் அவள் இடுப்பை விழாமல் பிடித்திருந்தன.

கோயில் பக்கமிருந்து பூசாரி வேகமாக வந்தார். "எல்லாக் கொடமும் வந்துட்டுதுப்பா. இது ஒண்ணுதான் பாக்கி. அபிஷேகத்துக்கு நேரம் தப்புது, சீக்கிரம் எழுந்திருங்க!"

பாஞ்சாலி எழப் பார்த்தாள். பச்சைமுத்து விடவில்லை.

"பதினோரு வருஷம் அம்மா காத்துக்குனு இருந்தா இல்ல?" என்றார் பூசாரியிடம். "இவ காலு சரியாவறவரைக்கும் இன்னும் ஸ்வல்பம் காத்துக்குனு இருக்கட்டும்."