இருபத்தைந்தாவது மலரின் எட்டாம் பக்கம்

கனடாத் தேசிய தமிழ் நாட்டார் ஆடற்குழுவுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளிவிழா மலருக்கு வரலாறு எழுதிய தலைவர் நவரட்ணம் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய விழாப் படங்களை மேசையில் பரப்பினார். எவர் தோளில் பொன்னாடை கிடந்ததோ, அவரையெல்லாம் 'நிறுவுநர்' என்று எழுதிவிட்டார்.

அந்தப் பொன்னாடைகளை விற்றவன் நான். வோபர்னில் எனக்குத் துணிக்கடை. வந்தவர் போனவருக்கெல்லாம் போர்த்தினார்கள். ஒரு பல் வைத்தியர், இரண்டு வீட்டுத் தரகர்கள், கலியாணத்துக்கு வந்து மண்டபம் மாறி நுழைந்த ஒருவர் உட்பட மொத்தம் பதினொரு நிறுவுநர்கள்! ஒருவருக்காவது கோலாட்டக் கோலைப் பிடிக்கத் தெரியுமா?

நாகேஸ்வரி அக்காவின் பெயர் மட்டும் இல்லை. மட்டக்களப்பிலிருந்து வந்தவர். மிசிசாகாவில் வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி, அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்ற்றில் குழுவின் முதல் ஆறு பிள்ளைகளுக்குக் கோலடித்து ஆடும் வசந்தன் ஆட்டம் பழக்கியவர். ஒவ்வொரு விழாவிலும் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறவர் எந்தப் படத்தில் விழுவார்?

விழாவன்று வாசலில் மலரைப் புரட்டிய அக்கா, வரலாறு இருந்த எட்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அண்ணன், இந்தக் குழுவ ஆரு தொடங்கின?"

"உது சின்ன விசயம், தங்கச்சி," என்றார் நவரட்ணம். "உங்களை ஒரு படத்திலயும் காணேல்லை. இண்டைக்கு மேடையில ஒரு பொன்னாடை போர்த்திவிடுறன். படமும் எடுப்பம். அடுத்த மலரில நீங்களும் நிறுவுநர்."

"பன்னிரண்டாவதா?"

"ஓம், ஓம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணை, கிழிஞ்ச சீலையைக்கூட உப்பிடிக் கூசாமல் விக்க எனக்கு வராது," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "பேனை இருக்கா, தம்பி?"

சட்டைப் பையிலிருந்த பேனைகளில் ஒன்றை நீட்டினேன். மேசையில் நானூறு மலர்கள். அக்கா உட்கார்ந்து முதல் மலரை விரித்தார். பதினொரு பெயர்களையும் ஒரே கோட்டில் வெட்டி, மேலே தன் பெயரை எழுதினார். கீழே அந்த ஆறு பிள்ளைகளின் பெயர்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தியான நிஷாந்தி, இப்போது தன் மகளை ஆடக் கூட்டிவந்தவள், எதிரே அமர்ந்து தானும் ஒரு மலரை இழுத்தாள்.

"அங்கிள், ஷோ லேற்றாகும்," என்றாள் நவரட்ணத்திடம்.

"சனம் நிறைஞ்சிட்டுது!" நவரட்ணம் கத்தினார். "ஆர் பாடுறது?"

அக்கா தலை நிமிரவில்லை. "பதினொரு பேர் இருக்காங்களே. பாடச் சொல்லுங்க."

உள்ளே கைதட்டி அவசரப்படுத்தினார்கள். நவரட்ணம் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, தானும் திருத்த ஒரு மலரை எடுத்து என்னிடம் பேனை கேட்டார். நான் உடனே கொடுக்கவில்லை.

"முதல்ல அக்கா மேல எழுதின பெயரை உரத்து வாசியுங்கோ, அண்ணை."