எதிரெதிரே உட்கார்ந்து பிரித்த கியர் பெட்டி

என் தங்கை புருஷன் எனக்குத் தரவேண்டியது ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். கேட்கப் போன அன்று தன் வண்டியைக் காட்டினான். அவன் அப்பா ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிள். இரண்டாவது கியர் நிற்காது, துள்ளி வெளியே வந்துவிடும்.

"திங்கக்கெழமையிலேர்ந்து கடைகடையா ரொட்டி போடுற வேலை மச்சான். சொந்த வண்டி இருந்தாத்தான் சேத்துக்குவாங்க. ஓடலைன்னா இதையே எடைக்குப் போட்டு உங்க காசை எடுத்துக்கங்க."

மெக்கானிக்கிடம் கொடுக்க இரண்டு பேரிடமும் காசில்லை. மூட்டை தூக்கி இற்றுப்போன முதுகோடு நானே உட்கார்ந்தேன். எண்ணெயை வடித்து, பெட்டியைப் பிரித்து, பல்சக்கரங்களைக் கழற்றிய வரிசையிலேயே பழைய போர்வையில் வைத்தோம். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். இரண்டாவது கியர்ச் சக்கரத்தில் பற்கள் மழுங்கிக் கிடந்தன. பழைய இரும்புக் கடையில் கிளறி, அதே அளவில் ஒன்று வாங்கி வந்தேன். அதைக் கணக்கில் சேர்க்க மனசு வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஆளுக்கொரு கை போட்டுத் திரும்பப் பூட்டினோம். பெட்டி மூடவில்லை. ஒரு விரல் இடைவெளி.

"ரெண்டு தட்டு தட்டினா உக்காந்துரும்." சுத்தியலைத் தூக்கிவிட்டான்.

"தட்டு மாப்ள. ரெண்டு துண்டா எடைக்குப் போட்டுக்கறேன்."

டீயோடு வந்த தங்கை அவன் கையைப் பிடித்தாள். "இருங்க. சக்கரத்தை எந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்து மாட்டினீங்க?"

"இடது பக்கத்துலேர்ந்து!" இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். கைகள் மட்டும் போர்வையின் இரண்டு முனைக்கு நீண்டன.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கடனைப் பேசும்போதும் இதே கூத்துதான். எந்திரிச்சு இவர் பக்கத்துல வந்து உக்காருண்ணே."

போய் உட்கார்ந்தேன். மாட்டியதையெல்லாம் கழற்றி, போர்வையில் பதிந்திருந்த எண்ணெய் வட்டங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கோத்தோம். இந்த முறை உள்ளங்கையால் அழுத்தியதுமே பெட்டி மூடிக்கொண்டது.

விடிந்ததும் வண்டி இரண்டாவது கியரிலேயே தெருக்கோடிவரை போனது. துள்ளவில்லை.

பிறகு ஐந்நூறும் முந்நூறுமாகக் கடனைக் கொடுத்து வந்தான். கடைசித் தவணையை எண்ணிப் பார்த்தேன்.

"நாப்பது கொறையுதே மாப்ள."

"பின்னாடி ஏறுங்க மச்சான். வீட்டுல விட்டுடறேன், கணக்கு சரியாப் போச்சு."

காலி ரொட்டிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். மேட்டில் இரண்டாவது கியர் போட்டான். கியர் துள்ளாமல் நின்றது.

"சரியாப் போச்சு," என்றேன்.