சிவப்பு நூல் குப்பி

எலி சொகமா இருக்குதா இல்லியான்னு பாக்க எனக்கு மிசினு ஒண்ணும் வேண்டாம். பதினோரு வருஷமா எலிக்கூடு கழுவுதேன். முடி பளபளன்னு இருந்தா சொகம். முடி சிலிர்த்து, முதுகு கூனி மூலையில குத்தவச்சிருந்தா தீனம். இந்தத் தலைக்கனம்தான் என்னை இந்தப் பாடு படுத்திச்சு, கேட்டுக்கிடுங்க.

வீடு காரோட்டுல. நெய்யாற்றின்கரையில மருந்து கண்டுபிடிக்கிற ஒரு கம்பெனியில வெள்ளைச் சுண்டெலியை நோக்குறதாக்கும் எனக்க வேலை. தொண்ணூத்தாறுல ஸ்ரீகுமாரி டாக்டர் குடல்புண்ணுக்கு ஒரு மருந்து சோதிச்சாவ. முதல்ல எல்லா எலிக்கும் ஒரு வெள்ளைப் பொடி கலக்கின தண்ணி. அதைக் குடிச்சா பெருங்குடல்ல புண்ணு வரும். பிறவு ரெண்டு கூடா பிரிச்சு, ஒண்ணுக்கு அந்தப் பொடித்தண்ணியே, மத்ததுக்கு மருந்துத்தண்ணி. ஒரு கூட்டுக் குப்பியில சிவப்பு நூல் கட்டியிருக்கும், மத்ததுல நீல நூல். கலக்கித் தாறது வேற ஆளு. எது மருந்துன்னு எழுதின கவரை ஒட்டி அலமாரியில பூட்டியாச்சு. டாக்டருக்கே தெரியாது. தெரிஞ்சா கண்ணு ஒரு பக்கமாச் சாயுமாம்.

எனக்கு நல்ல சிரிப்பு. மூணாவது வாரமே எனக்குத் தெரிஞ்சு போச்சே! சிவப்பு நூல் கூட்டுல எலியெல்லாம் கொழுகொழுன்னு ஓடிச் சாடுது. நீல நூல் கூட்டுல எலும்பும் தோலுமாக் கெடக்குது. அப்போ சிவப்புதானே மருந்து? இதுக்கு எதுக்குக் கவரும் பூட்டும்னு நினைச்சேன்.

எனக்க வீட்டுக்காரர் ராபின்சனுக்கும் இதே தீனம்தான். அவரு பஸ் கண்டக்டர். பத்து மாசமா வெளிக்குப் போனா ரத்தம். களியக்காவிளையில ஏறி உதியன்குளங்கரை வாறதுக்குள்ள ஒருக்க பஸ்ஸை நிறுத்தச் சொல்லணும். உள்ள இருக்கிறவங்க சும்மா இருப்பாங்களா, கூவுவாங்க. மனுஷன் மெலிஞ்சு பை தூக்கவே வலுவில்லாம ஆனாரு. ஆஸ்பத்திரியில பின்வழியா குழாய் விட்டுப் பாக்கணும்னு சீட்டு எழுதிக் குடுத்தாவ. வாசல்ல வச்சே அதைக் கிழிச்சுப் போட்டாரு. "அந்த வழியா டியூப் விட நான் என்ன மாடா?" எவ்வளவு கெஞ்சியும் கேக்கல்ல. செத்துப்போவாரோன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே வெப்ராளம்.

மூணு நாளைக்கு ஒருக்க குப்பி மாத்தும்போ மிச்சத் தண்ணியைத் தொட்டியில கொட்டணும். நான் நீலத்தைக் கொட்டினேன். சிவப்பை ஒரு பழைய மருந்துக் குப்பியில ஊத்தி, முந்தானைக்குள்ள மறைச்சு வீட்டுக்குக் கொண்டு போனேன். எலி வாய் வச்ச தண்ணிதான். அரிச்சுத் தெளிய வச்சு, கம்பெனி மருந்துன்னு சொல்லிக் குடுத்தேன். ரெண்டு வாரத்துல அவரே சொன்னாரு, "ரத்தம் நின்னுது பிள்ளே." ஞாயிற்றுக்கிழமை சபையில நான் எழும்பி நின்னு, காரணம் சொல்லாம, ஸ்தோத்திரம் சொல்லி அழுதேன்.

பிறவுதான் அந்த நாளு வந்தது. மனுஷனுக்க முழங்கால் முட்டுக்குள்ள விட்டுப் பாக்குற குழாய் ஒண்ணை டாக்டர் எங்கயோ கடன் வாங்கிட்டு வந்தாவ. பேனா ரீபிளைவிட மெலிசு. எலிக்கு மயக்க ஊசி போட்டு, பின்னால குழாயை விட்டு, ஊசிக்குழாயால கொஞ்சம் காத்து அடிச்சுக் குடலை விரிச்சாவ. பக்கத்துல டீவியில எல்லாம் தெரிஞ்சது. முதல்ல நீல நூல் எலி. உள்ள ரோஸ் நிறத்துல வழுவழுன்னு, ஒரு குத்தமும் இல்ல. எனக்கு ஒண்ணும் ஓடல்ல.

அடுத்து சிவப்பு. எலி நல்ல கொழுத்தது. குழாய் உள்ள போனதும் டீவி முழுக்கப் புண்ணு. மேல மஞ்சளா ஆடை படிஞ்சு, தொட்ட இடமெல்லாம் ரத்தம்.

"டாக்டரே, வேற எலியைப் போடுங்க" என்றேன்.

வேற எலியும் அப்படித்தான். அதுக்கடுத்ததும்.

"நூல் மாறிப்போச்சு டாக்டரே. கூடு மாறிப்போச்சு."

"நீதானே லீலே கூடு நோக்குந்தது? மாறுமோ?"

மாறாது. எனக்குத் தெரியாதா? டாக்டர் கவரைப் பிரிச்சாவ. நீலம்தான் மருந்து. மருந்து கைக்கும், அதனாலதான் அந்த எலியெல்லாம் தின்னாம குடிக்காம மெலிஞ்சதாம். சிவப்பு வெறும் பொடித்தண்ணி. வெளியே நோக்கினா ஒண்ணும் தெரியாது, அதுக்குத்தான் உள்ள நோக்குறதுன்னு டாக்டர் சந்தோஷமாச் சொன்னாவ.

புண்ணு வர வைக்கிற தண்ணியை நான் குடுத்தேன். அப்போ அவருக்கு ரத்தம் எப்படி நின்னுது? எலிக்கு விஷம் மனுஷனுக்கு மருந்தா? இல்ல, அவரும் அந்தக் கொழுத்த எலி மாதிரி உள்ள வெந்து கெடக்காரா? எதை நம்ப?

"டாக்டரே, அந்தப் பொடியை மனுஷன் குடிச்சா என்ன ஆகும்?"

டாக்டர் கையுறையைக் கழத்தினபடியே நின்னுட்டாவ. "ஆரு குடிச்சு?"

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். வேலை போனாப் போகட்டும்னு நினைச்சேன். டாக்டர் திட்டல்ல, அதுதான் பயமா இருந்தது. "எனக்கறிஞ்ஞூடா லீலே, தெரியல்ல" என்றாவ. "திங்கட்கிழமை கூட்டிட்டு வா. எனக்குத் தெரிஞ்ச டாக்டரை வச்சுக் குழாய் விட்டு நோக்கணும். நோக்காம ஒண்ணும் பறைய முடியாது."

வீட்டுக்கு வந்தப்போ அவரு சட்டையைக் கழத்திட்டுக் கட்டிலில இருந்தாரு. நான் நின்னுக்கிட்டே சொல்லி முடிச்சேன். சாடி அடிப்பாருன்னு பாத்தேன். அவரு தலையைக் குனிஞ்சாரு.

"ரத்தம் நிக்கல்ல, லீலா. ஒரு நாளும் நிக்கல்ல."

"பின்ன எதுக்கு மனுஷா நின்னுதுன்னு சொன்னிய?"

"நின்னுதுன்னு சொன்னா நீ குழாய்ப் பேச்சை எடுக்கமாட்டியே. பயம்டி எனக்கு."

எனக்கு அப்படி ஒரு கோவம் வந்தது. அதுக்குள்ளயும் ஒரு ஆசை எட்டிப் பாத்தது. பொய் சொன்னவரு குடிக்காமக் கொட்டியிருப்பாருல்லா? முத்தத்துல வாழை நிக்குது, அதுக்கு அடியில ஊத்தியிருப்பாருல்லா?

"அந்தத் தண்ணியை என்ன செஞ்சிய?" என்று கேட்டேன்.

"குடிச்சேன்" என்றாரு. "ஒரு சொட்டு மிச்சம் வைக்கல்ல. நீ கொண்டுவந்ததாச்சே."