114-ஆம் அறையில் இரண்டாம் விதி

அறிவியல் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் இந்த இடத்தில் எழுந்து நிற்கவும், முடிந்தால் தொப்பியைக் கழற்றவும்: வடக்கு மின்னசோட்டாவில், டோல்வெர் நகரத்துக் கம்யூனிட்டி காலேஜின் 114-ஆம் எண் ஆய்வகத்தில், வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி பதினோரு ஆண்டுகளாக வேலை செய்யவில்லை. சூடானதிலிருந்து குளிர்ந்ததற்குத்தான் வெப்பம் தானாகப் பாயும் என்பது அந்த விதி. அங்கே அது எதிர்த்திசையில் பாய்ந்தது. கொதிநீரில் கிடந்த செம்புத் துண்டை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு தெர்மோகோல் கோப்பைகளின் குளிர்நீரில் போட்டால், நீர் உறைந்து கட்டியாகும். செம்பு கனல்போலச் சிவக்கும். கோப்பைக்கு ஒன்றும் ஆகாது. ஆற்றல் அழியாது என்கிற முதல் விதிக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீர் இழந்ததைத்தான் செம்பு பெற்றது.

யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அந்தச் சோதனையில் கண்டுபிடிக்க வேண்டிய செம்பின் தன்வெப்பம் 0.385 என்று பாடநூலின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. மாணவர்கள் அதை, நம்பும்படியாக இருக்க 0.379, 0.391 என்று கொஞ்சம் நகர்த்தி எழுதிவிட்டு, ஐஸைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போனார்கள். பேராசிரியர் ஆர்விட் டோலெஃப்சன் பருவந்தோறும் முதல் வகுப்பில் "இயற்கை பொய் சொல்லாது" என்று முழங்கிவிட்டு, பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, 0.385-ஐ நெருங்கிய ஏடுகளில் 'மிக நன்று' எழுதினார்.

பன்னிரண்டாம் ஆண்டில் மார்லிஸ் கெட்டுனென் வந்தாள். முப்பத்துநான்கு வயது, முதியோர் இல்லத்தில் உதவியாளர். நர்சிங்கில் இடம் கிடைக்க இந்தப் பாடத்தில் தேறியாக வேண்டும். 'நீர் ஐஸானது. செம்பு சிவந்தது' என்று எழுதிப் பூஜ்ஜியம் வாங்கினாள்.

"புக்ல இருக்கறத எழுதித் தொலைக்க மாட்டியா?" என்றான் அவளோடு சோதனை செய்த டரெல். "நர்ஸாகப் போறியா, கோர்ட்ல சாட்சி சொல்லப் போறியா?"

"நான் பொய்யா ஜுரம் எழுதினா அங்க கிழவர் செத்துருவார்டா," என்றவள் ஏட்டோடு போய்ப் பேராசிரியர் கதவைத் தட்டினாள்.

"பதினோரு வருஷமா எல்லாருக்கும் சரியா வந்துருக்கு. உனக்கு மட்டும் ஐஸ் வருதாம்மா?"

"நீங்களே வந்து போட்டுப் பாருங்க, புரொபசர்."

வந்தார். போட்டார். மீசையில் உறைபனி படிந்தது. தெர்மாமீட்டர் கோளாறு என்று மூன்று தெர்மாமீட்டர்களை மாற்றினார். கடைசியில், சிவப்பாகத் தெரிவது விளக்கொளி என்று நிரூபிக்கச் செம்பைத் தொட்டார். அலறலில் இரண்டு வகுப்புகள் கலைந்தன. மார்லிஸ் அவர் விரலைப் பிடித்து ஐஸ் வைத்து அழுத்தினாள்.

"ஐஸ் எங்கருந்து எடுத்தே?" என்றார், வலி கொஞ்சம் தணிந்ததும்.

"இதே கப்லருந்துதான்."

அந்த விரலில் ஐஸ் இல்லை என்று எழுத அவராலும் முடியவில்லை. கல்லூரி அமைத்த நால்வர் குழு 114-ஆம் அறையில் ஓவர்கோட்டோடு கூடி, விதியை ஒன்றும் செய்ய வேண்டாம், சோதனைத் தாளில் 'இவ்வறைக்கு மட்டும்: நீர் ஐஸாகும், செம்பு சிவக்கும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று தீர்மானித்தது. மார்லிஸ் மதிப்பெண் பெற்றுத் தேறினாள், நர்சிங்கில் சேர்ந்தாள்.

அடுத்த பருவத்தில் இருபத்துநான்கு மாணவர்களும் 'நீர் ஐஸானது. செம்பு சிவந்தது' என்றே எழுதியிருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பர்னரை ஒருவரும் பற்றவைக்கவில்லை.